கை கொடுக்கும் சட்டை

அந்த வருஷம் குற்றாலத்தில் சீசன் படுத்துவிட்டது. காற்று வந்தது, சாரல் வந்தது, மலைமேல் மேகம்கூட வந்து ஒப்புக்கு நின்றுவிட்டுப் போனது. தண்ணீர்தான் வரவில்லை. மெயினருவியில் ஆண்கள் பக்கம், குழாயைச் சரியாக மூடாமல் போன மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது. பெண்கள் பக்கம் அதுவும் கிடையாது. வந்தவர்கள் பாறையை அண்ணாந்து பார்த்தார்கள், நேந்திரம் சிப்ஸ் வாங்கினார்கள், செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்கு வண்டியை விட்டார்கள். குளிக்காதவனுக்குத் துண்டு எதற்கு? ஆனந்தவள்ளி தன் துண்டுக்கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அவளுடைய கடை இருந்த வீதியில் வண்டி வரக்கூடாது என்று இரும்புத் தடுப்பு வைத்துவிட்டார்கள். தரையில் சிமெண்டுக் கல் பாவி, நடுவே கல் பெஞ்சுகளும் போட்டு, 'நடைபாதைத் திடல்' என்று போர்டு வைத்தார்கள். அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. கடைக்காரர்கள் பிளாசா என்றார்கள். ஆள் நடமாட்டத்துக்காகப் போட்ட பிளாசாவில் இப்போது குரங்குகள்தான் நிம்மதியாக நடமாடின.

வியாபாரிகள் சங்கத் தலைவர் பால்வண்ணநாதன் மூலிகை எண்ணெய்க் கடை வைத்திருப்பவர். சும்மா இருக்கத் தெரியாத மனுஷன். அவர்தான் செங்கோட்டைப் பெண் வேல்விழியைக் கூட்டிவந்தார். கும்பகோணத்தில் ஓவியக் கல்லூரியில் படித்த பெண். அருவியில் குளிக்க வருகிறவர்கள் விட்டுப்போகும் துணிமணியெல்லாம் வாய்க்கால் கம்பியில் அடைத்துக்கொண்டு, வருஷா வருஷம் குப்பை வண்டியில் ஏறும். அந்தத் துணியை எல்லாம் வெளுத்து, ஒன்றோடொன்று தைத்து, பிளாசாவுக்குக் குறுக்கே கம்பி கட்டி, மேலிருந்து கீழே அருவி மாதிரித் தொங்கவிடலாம் என்றாள் வேல்விழி. சாரல் விழா முடிகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கழற்றிவிடலாம்.

"தண்ணி அருவிதான் இல்ல, துணி அருவியாவது இருக்கட்டுமேவே" என்றார் பால்வண்ணநாதன். "வாரவன் நின்னு ஒரு போட்டோ எடுக்கணும்லா? நின்னான்னா ஒரு எண்ணெய்ப் பாட்டிலாவது வாங்குவான்."

"அதுல காரியத் துணியும் கிடக்குமே அண்ணாச்சி" என்று யாரோ இழுத்தார்கள்.

"அதெல்லாம் டூரிஸ்ட்டு விட்டுட்டுப் போன துணி. டூரிஸ்ட்டுத் துணின்னா டூரிஸ்ட்டுத் துணிதான்."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. திவசம் கொடுக்க வருகிறவர்களும் அதே தண்ணீரில்தான் துணி விடுகிறார்கள் என்று வீதியில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததைத் தெரியாத மாதிரி வைத்துக்கொள்வது கடைவீதிக்குக் கைவந்த கலை.

துணி அருவி கட்டிய அன்றைக்கு ஆனந்தவள்ளி கடையில் துண்டு மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். கடைக்கு நேர் எதிரே, கீழ் வரிசையில், ஆள் உயரத்தில், செங்கல் நிறத்தில் கட்டம் போட்ட ஒரு சட்டை தொங்கியது. வலது கை மட்டும் மணிக்கட்டிலிருந்து அக்குள் வரைக்கும் பிளந்து கிடந்தது. பிளந்த ஓரத்தில் வரிசையாக டிச் பட்டன்கள்.

அந்தப் பட்டன்களைத் தைத்தவள் அவள்தான். அது அவள் புருஷன் சட்டை.

'ஐயோ சனியனே' என்று மனசுக்குள் ஒரு சத்தம். சனியன் என்றது சட்டையையா, புருஷனையா, தன்னையா என்று அவளுக்கே தெரியவில்லை. துண்டு மடியிலிருந்து சரிந்து விழுந்தது.

புருஷன் முத்துராமலிங்கம் போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்குத்தான், அவளுக்கு இல்லை. பென்ஷன் வரத் தொடங்கிய கையோடு வாதமும் வந்து அவருடைய வலது பக்கத்தை இழுத்துக்கொண்டது. அந்தக் கை மடங்காது. தூக்கினால் வலியில் கத்துவார். அதனால்தான் சட்டைக் கையைக் கிழித்து, பட்டன் வைத்து, காலையில் கையைத் தூக்காமலே சுற்றிப் போட்டு டக் டக் என்று அமுக்கிவிடுவாள். குளிப்பாட்டி, சட்டை மாட்டி, ஆட்டோவில் ஏற்றிக் கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைப்பாள். அதற்குப் பிறகு நாள் முழுக்க ஏட்டி, ஏட்டி என்று அவர் கூப்பாடுதான். ஏட்டி தண்ணி. ஏட்டி வெயிலு. ஏட்டி ஈ உக்காருது. இரண்டு வருஷம் அவள் ஒரு காப்பியைச் சூடாகக் குடித்ததில்லை.

அவர் வேலையில் இருந்தபோது வீதியில் ஒருத்தரையும் விட்டுவைத்ததில்லை. நடைபாதையில் கடை போட்டவன், தராசில் கை வைத்தவன் எல்லோரும் ஏட்டையா தலையைக் கண்டால் சுருட்டிக்கொண்டு ஓடுவார்கள். நாற்காலிக்கு வந்த பிறகு மனுஷனுக்கு என்ன தோன்றியதோ, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கை கொடுக்கப் பார்த்தார். வலது கை வராது. இடது கையை நீட்டுவார். இடது கையை யார் பிடிப்பார்கள்? "ஏட்டையா, சௌக்கியமா?" என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு நழுவுவார்கள். நீட்டிய கை அப்படியே நிற்கும். ஆனந்தவள்ளிக்கு மானம் போகும். "சும்மா இருங்களேன், இடது கையையா நீட்டுவாவ?" என்று அதைப் பிடித்து மடியில் அமுக்கிவிட்டு வியாபாரத்தைப் பார்ப்பாள்.

போன ஆனியில் அவர் போனார். ஊரார் முன்னால் நன்றாகத்தான் அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்தும்போது உள்ளே 'அப்பாடா' என்று இருந்தது. வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் மகள் அபிக்கு அது எப்படியோ தெரிந்துவிட்டது.

அபி கோயம்புத்தூரில் இருக்கிறாள். அப்பா செல்லம். அந்தச் செங்கல் நிறச் சட்டை அவள் முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு எடுத்தது. கடைசி வரைக்கும் அதைத்தான் போடுவேன் என்று அடம்பிடித்துப் போட்டுக்கொண்டார். இந்த ஆனியில் வருஷத் திவசம் வந்தது. அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. போனவர் கடைசியாகப் போட்ட துணியை அருவித் தண்ணீரில் பொண்டாட்டி கையால் விட வேண்டும். விட்டதும் திரும்பிப் பார்க்காமல் ஏறி வந்துவிட வேண்டும். பார்த்தால் போனவர் பின்னாலேயே வந்துவிடுவார் என்பார்கள்.

"அந்தச் சட்டையை நான் வச்சுக்கிடுதேன்மா" என்று அபி கேட்டாள்.

"வச்சு என்னட்டி செய்யப்போற? விட வேண்டியதை விட்டுறணும்."

"உனக்கு எப்படா எல்லாத்தையும் தொலைச்சுத் தலை முழுகுவோம்னு இருக்கு. அப்பா இருக்கும்போதே உனக்கு அப்படித்தான் இருந்துச்சு."

சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டாள். அது பொய் என்று சொல்ல ஆனந்தவள்ளிக்கு வாய் வரவில்லை. அதிலிருந்து போனில் சாப்பிட்டியா, சாப்பிட்டேன், வைக்கட்டா என்பதோடு சரி.

திவசத்தன்று தண்ணீரில் சட்டையை விட்டுவிட்டு ஏறிய ஆனந்தவள்ளி, திரும்பிப் பார்த்துவிட்டாள். வேண்டுமென்று பார்க்கவில்லை. இரண்டு வருஷமாக எந்த அறையை விட்டு வெளியே போனாலும், கட்டிலிலிருந்து விழுந்துவிடுவாரோ என்று வாசலில் ஒரு தடவை திரும்பிப் பார்த்த கழுத்து. அது பாட்டுக்குத் திரும்பிவிட்டது. தண்ணீர் ஓட்டமில்லாத வாய்க்காலில் சட்டை கம்பியில் மாட்டிக்கொண்டு கிடந்தது. யாரும் கவனிக்கவில்லை என்று விறுவிறுவென்று நடந்துவிட்டாள்.

இப்போது எதிரே தொங்குகிறார். திரும்பிப் பார்த்ததற்கு நல்ல கூலி.

வந்ததுதான் வந்தார், சும்மா இருந்தாரா? காற்று அடிக்கும்போதெல்லாம் மற்றத் துணிகள் ஆட, அந்தப் பிளந்த கை மட்டும் காற்றை வாங்கி எழுந்து முன்னால் நீண்டது. உயிரோடு இருந்தபோது சுண்டுவிரலைக்கூட அசைக்காத கை. சிவகாசியிலிருந்து வந்த ஒரு கூட்டம் சிரித்துக்கொண்டே அதைப் பிடித்துக் குலுக்கிப் போட்டோ எடுத்தது. மறுநாள் அந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டு இன்னொரு கூட்டம் வந்தது. வாரம் முடிவதற்குள் கை கொடுக்கும் சட்டை என்று பெயர் வந்து, பிளாசாவில் வரிசை நின்றது. குளிக்காதவர்களும் சும்மா இருக்கட்டும் என்று துண்டு வாங்கினார்கள். ஆனந்தவள்ளி துண்டை எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம் வாங்குகிறவர் தோளுக்கு மேலே அந்தக் கை ஆடியது. ராத்திரி வீட்டுக்குப் போனால் உடம்பெல்லாம் வலித்தது. ஆளைப் பார்த்துக்கொண்ட அந்தக் காலத்து வலியேதான்.

அப்போதுதான் அபி போன் செய்தாள்.

"சனிக்கிழமை வாரோம்மா. பிள்ளைக்கு லீவு. உன் கடைக்கு எதுத்தாப்ல ஏதோ கை குடுக்கிற சட்டை இருக்காமே? அவ கூட்டாளி புள்ள யாரோ சொன்னாளாம், பாக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கா."

"இங்கன ஒண்ணும் இல்லட்டி, வெயிலு மண்டையைப் பிளக்கு" என்று சொல்லிப் பார்த்தாள் ஆனந்தவள்ளி. அபி வைத்துவிட்டாள்.

தொலைத்துத் தலைமுழுகத் துடித்தாள் என்று சொன்ன மகள். அந்தச் சட்டையை அம்மா ஊர்ச் சிரிப்புக்குத் தொங்கவிட்டிருக்கிறாள் என்று கண்ணால் பார்த்தால்? பிறகு அந்தச் 'சாப்பிட்டியா'வும் இருக்காது. சனிக்கிழமைக்குள் அது இறங்கியாக வேண்டும்.

அன்று மத்தியானம் வேல்விழி, கிழிந்த இடத்துக்குத் தையல் போட ஊசியோடு வந்தாள். ஆனந்தவள்ளி ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சை எடுத்தாள்.

"பாப்பா, அந்தக் கீழ்வரிசைச் சட்டையை மட்டும் கழத்திற முடியுமா?"

"கை குடுக்கிறதா? ஐயோ அக்கா, அதைக் கழத்துனா ஒருத்தர் நிக்கமாட்டாங்க." வேல்விழி கல் பெஞ்சில் சாய்ந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "ஒரு மாசமா விரல்ல ஊசி குத்தி, மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு அருவி செஞ்சேங்கா. ஒரு ஆளு அண்ணாந்து பாக்கல. வாராங்க, கையைக் குலுக்குதாங்க, போறாங்க. எனக்கே வெறுத்துப்போச்சு. எதுக்குக் கழத்தச் சொல்லுதீங்க?"

"கண்ணை உறுத்துது."

"தலைவர்ட்ட கேளுங்கக்கா. எனக்கு ஒண்ணும் இல்ல."

பால்வண்ணநாதன் கேட்டதும் சிரித்தார். "யக்கா, அந்தச் சட்டைதான் இப்பம் குத்தாலமே. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க. என்ன, கடையை மறைக்கா?"

மறைக்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்தாள். உண்மையைச் சொல்லலாம்தான். திவசத் துணி என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்தால் போதும், சாயங்காலத்துக்குள் துணி அருவி மொத்தமும் தரையில் கிடக்கும். அந்தப் பெண்ணின் ஒரு மாச வேலையும் போகும். வந்த கூட்டம் போன பிறகு வீதியில் அத்தனை பேரும் ஆனந்தவள்ளியால்தான் சீசன் போச்சு என்பார்கள். ஏட்டையா உயிரோடு இருந்தும் கெடுத்தார், செத்தும் கெடுத்தார் என்பார்கள். அதைக் கேட்கிற தெம்பு அவளுக்கு இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் மற்றவர்கள் கடை திறக்கும் முன்பே வந்தாள். பார்சல் கயிறு வெட்டுகிற கத்திரிக்கோலை முந்தானைக்குள் வைத்திருந்தாள். அருவியோடு சட்டையைப் பிடித்திருந்தது தோள்பட்டையில் நாலு தையல்தான். நறுக்கென்று வெட்டி, குப்பை வண்டியில் போட்டுவிட்டால் முடிந்தது. பிளாசா சாரலில் நனைந்து கிடந்தது. சட்டையும் நனைந்திருந்தது. பக்கத்தில் போனாள். வெளுத்த சோப்பு வாசனைதான் வந்தது; அவருடைய தைல வாசனை இல்லை. கத்திரிக்கோலை எடுப்பதற்காகக் கையை முந்தானைக்குள் விட்டவள், அதை விட்டுவிட்டுச் சட்டையின் கையைப் பிடித்தாள். மணிக்கட்டுப் பட்டனை அமுக்கினாள். டக். அதற்கு மேலே. டக். முழங்கையிடம் ஒரு பட்டன் பிய்ந்து போயிருந்தது. தன் சேலையிலிருந்த கறுப்பு மணி கோத்த ஊக்கைக் கழற்றி அங்கே குத்தினாள். அக்குள் வரைக்கும் போட்டு முடித்து, கசங்கிய தோள்பட்டையை உள்ளங்கையால் நீவிவிட்டாள்.

நீவி முடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்றே அவளுக்கு உறைத்தது. 'அட, மூதேவி' என்று தலையில் அடித்துக்கொண்டாள். வெட்ட வந்தவள் சட்டை மாட்டிவிட்டிருக்கிறாள். இனி வெட்டக் கை வராது என்றும் தெரிந்தது. யாரோ ஷட்டரைத் தூக்குகிற சத்தம் கேட்டது. கடைக்குத் திரும்பிவிட்டாள்.

பட்டன் போட்டதில் இன்னொரு கூத்தும் நடந்தது. பிளந்து கிடந்தபோது தட்டையாக எழுந்து நீண்ட கை, மூடியதும் காற்றை உள்ளே பிடித்துக்கொண்டு உப்பியது. நிஜமாகவே உள்ளே ஒரு கை இருப்பது மாதிரி நீண்டது. சனிக்கிழமை வரிசை வீதி முனை ஆர்ச்சுவரை போனது.

அபி சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டாள். கடைக்கு வரவில்லை, பிள்ளை கையைப் பிடித்து இழுத்த இழுப்பில் நேரே வரிசைக்குப் போய்விட்டாள். ஆனந்தவள்ளி ஒரு ஆளுக்கு அரைக்கால் டிராயர் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தபோதுதான் பார்த்தாள். ஓடிப்போய்த் தடுக்கலாம் என்று எழுந்தாள். மறுபடி ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டாள். வரட்டும். வந்து கேட்கட்டும். எத்தனை நாள்தான் ஒருத்தி பயப்படுவது?

பேத்தி சட்டையின் கையைக் குலுக்கிவிட்டுக் குதித்தாள். அபி போனைத் தூக்கி போட்டோ எடுக்கப் போனவள், தூக்கிய கையை அப்படியே இறக்கினாள். பக்கத்தில் போனாள். மணிக்கட்டிலிருந்து ஒவ்வொரு பட்டனாக விரலால் தொட்டுக்கொண்டே மேலே போனாள். முழங்கையில் நின்றாள். ஊக்கைப் பார்த்தாள். பின்னால் நின்றவர்கள் "அக்கா, சீக்கிரம்" என்றார்கள். அபி திரும்பிக் கடையைப் பார்த்தாள்.

அவள் கடைக்கு வந்து சேர்வதற்குள் ஆனந்தவள்ளிக்கு ஒரு வருஷம் ஆனது.

"அது அப்பா சட்டைதானம்மா?"

"ஆமா."

"தெரிஞ்சேதான் இருக்கியா?"

"தெரியும். அன்னைக்கு விட்டுட்டு வரும்போது நான் திரும்பிப் பாத்துட்டேன்ட்டி. போகாமக் கிடந்துச்சு. அப்படியே விட்டுட்டு வந்துட்டேன். இப்பம் இங்கன வந்து தொங்குதாரு. நீ என்ன வேணும்னாலும் சொல்லு. எனக்கு அசதியா இருக்கு. நீ சொன்னதும் பொய்யில்ல. எப்படா முடியும்னு நான் நினைச்சிருக்கேன்."

டிராயர் வாங்க வந்த ஆள் மெல்ல நழுவினார். அபி சட்டையைத் திரும்பி ஒரு தடவை பார்த்தாள்.

"பட்டனை யாரும்மா போட்டது?"

ஆனந்தவள்ளி கலைந்த துண்டு ஒன்றை எடுத்து மடித்தாள்.

"அந்த ஊக்கு உன்னோடதுதானே? கறுப்பு மணி கோத்தது."

"வெட்டத்தான் போனேன்" என்றாள் ஆனந்தவள்ளி. "நேத்து காலையில. கத்திரிக்கோலோட போனேன். கை அது பாட்டுக்குப் போட்டிருச்சு. காத்து அடிச்சிதுட்டி. கையைத் திறந்து போட்டா அவருக்குச் சேராதுல்லா."

அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. போன ஆனியில் ஊரார் முன்னால் அழுத அழுகை இல்லை இது. மூக்கும் வாயும் கோணி, சத்தமே இல்லாமல், குலுங்கிக் குலுங்கி வந்தது. அபி கல்லாப் பக்கம் சுற்றி வந்து அம்மா தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். அவளும் அழுதாள். பேத்தி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒரு துண்டை உருவி ஆச்சியிடம் நீட்டினாள்.

கொஞ்ச நேரம் கழித்து அபி கேட்டாள். "நீ கை குடுத்தியாம்மா?"

"நானா? எங்க குடுக்க? எவ்வளவு கூட்டம் பாரு."

"கடையை நான் பாத்துக்கிடுதேன். போய் நில்லு. நாளைக்குக் கழத்திருவாங்களாம்லா."

"போட்டி, கிறுக்கி. ஊர் சிரிக்கும்."

"ஊர் சிரிச்சிட்டுத்தான நிக்கு. நீயும் போய் நில்லு."

ஆனந்தவள்ளி முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றாள். முன்னால் ராஜபாளையத்துக் கல்லூரிப் பெண்கள். பின்னால் ஒரு குடும்பம். முழங்கால் வலித்தது. இரண்டு வருஷம் அவர் கூப்பிடக் கூப்பிட ஓடியவள், முதல் தடவையாக அவரைப் பார்க்க முறை வருமா என்று காத்துக்கொண்டு நின்றாள். சாரல் மெல்லத் தூறியது.

அவள் முறை வந்தது. காற்று இல்லை. கை தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அவள் இரண்டு கையாலும் அதை எடுத்துப் பிடித்துக்கொண்டாள். ஈரமாகவும் கனமாகவும் இருந்தது. பக்கத்தில் இடது கையும் சும்மா தொங்கியது. அதை யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. அவள் அதையும் எடுத்து வலது கையோடு சேர்த்துப் பிடித்தாள்.

"ஆச்சி, போட்டோ எடுத்துத் தரட்டுமா?" என்று பின்னால் நின்ற பெண் கேட்டாள்.

"வேண்டாம்மா. நீ வா."

இடம் விட்டு நகர்ந்து கடையை நோக்கி நடந்தாள். படி ஏறுமுன் திரும்பிப் பார்த்தாள். இந்தத் தடவை வேண்டுமென்றே பார்த்தாள். அடுத்ததாக ஒரு இளவட்டம், அவள் கடையில் வாங்கிய டிராயரோடு, போனை நண்பனிடம் கொடுத்துவிட்டுச் சட்டையின் வலது கையைப் பிடித்து, தோளே பிய்ந்துவிடும்படி ஓங்கி ஓங்கிக் குலுக்கினான்.

"ஏய் தம்பி!" பிளாசாவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஆனந்தவள்ளி கத்தினாள். "மெதுவாப் பிடிப்பா! அவருக்கு அந்தக் கை வலிக்கும்!"